உப்புக்காற்று அடிக்கும் ஊரில் கத்தி செய்து வாங்குவது எப்படி: எஃகு முதல் பிடி வரை

ஒன்றரை வருடத்தில் மூன்று கத்திகளை வீணாக்கிய பிறகு இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் என்ற ஊருக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில் எங்கள் வீடு, கடல் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. முதல் கத்தி இணையத்தில் 3,800 ரூபாய்க்கு வாங்கிய டி2 எஃகுக் கத்தி, துருப்பிடிக்காது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், இரண்டு வாரத்தில் மீன் கழுவிய ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்ததில் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது. இரண்டாவது, லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு பட்டறையில் செய்த வெட்டுக்கத்தி (எங்கள் பக்கம் பேச்சில் வெட்டோத்தி), 900 ரூபாய், நான்காவது நாள் முதுகிலிருந்து கீறல் ஓடியது. மூன்றாவது வேறொரு பட்டறையில் 1,100 ரூபாய், பார்க்க அழகு, ஆனால் பத்து மட்டை வெட்டினால் வாய் (வெட்டும் விளிம்பு) மழுங்கும். ஆக 5,800 ரூபாய் போனது. இப்போது வீட்டில் இருக்கும் மூன்று கத்திகளும் நன்றாக உழைக்கின்றன. முதல்முறையாகக் கத்தி செய்யச் சொல்லப் போகிறவர் நீங்கள் என்றால் நான் கொடுத்த காசை நீங்களும் கொடுக்க வேண்டாம்.

மடக்குக் கத்தியைப் பற்றி இங்கே பேச்சில்லை. அலகும் வாலும் ஒரே இரும்பாக, அசையாமல் பிடிக்குள் உட்காரும் கத்திகள் மட்டும்.

1. எதை வெட்டப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்த ஆசாரி அண்ணனிடம், எடுத்த எடுப்பில் எஃகுப் பெயர்களை அடுக்கினேன். அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "அதெல்லாம் இருக்கட்டு மக்கா, எதுக்காக்கும் கத்தி? தேங்கா வெட்டவா, மீன் வெட்டவா?" இரண்டுக்கும் என்றேன். "அப்பம் ரெண்டு கத்தி வேணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. தேங்காய், விறகு, வாழை, கிளை என்று ஓங்கி வெட்டும் வேலைக்கு முதுகு 5 அல்லது 6 மி.மீ. கனமாக, எடை முனைப்பக்கம் விழுகிற மாதிரி வேண்டும். அந்தக் கனத்தில் மீனை அரிந்தால் சதை நசுங்கும். மீனுக்கும் காய்கறிக்கும் உள்ள பிச்சாத்திக்கு முதுகு 2 முதல் 2.5 மி.மீ. போதும், நீளம் ஆறேழு அங்குலம். கயிறு, ஓலை, சாக்கு அறுக்க இடுப்பில் வைத்துக்கொள்ளும் சின்னக் கத்திக்கு 4 அங்குலம், 3 மி.மீ. இந்த மூன்றையும் ஒரே கத்தியில் அடக்கப் பார்த்ததுதான் என் முதல் தவறு.

ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: அலகின் நீளம், அகலம், முதுகுக் கனம், பிடியின் நீளம், வலக்கையா இடக்கையா. அதோடு கனமான அட்டையில் கத்தியை முழு அளவில் வெட்டி எடுத்துப் போங்கள். வாயால் சொன்ன அளவு பட்டறையில் எப்படியும் அரை அங்குலம் மாறும், அட்டையை இரும்பின்மேல் வைத்துக் கோடு போட்டால் மாறாது. அட்டைக் கத்தியைக் கையில் பிடித்து வீட்டில் இரண்டு நாள் சும்மா வீசிப் பாருங்கள், பிடி குட்டையா நீளமா என்று அப்போதே தெரிந்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

2. எஃகைத் தேர்ந்தெடுப்பது

ஒரு எஃகிடம் நாம் மூன்று குணங்களை எதிர்பார்க்கிறோம். அடி தாங்க வேண்டும், கூர் நிற்க வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து குறைந்த விலையில் கிடைக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வெட்டுக்கத்திக்கு ஸ்பிரிங் எஃகு. லாரி, பேருந்துகளின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் பட்டைதான் இது. கரிமம் பெரும்பாலும் 0.5 முதல் 0.6 சதவீதம். வெளிநாட்டுக் கத்தி செய்பவர்கள் 5160 என்று சொல்வது இந்தக் குடும்பம்தான், நம் ஊர் இரும்புக் கடையில் இ.என். 45, சுப் 9 என்ற பெயர்களில் கேட்கலாம். அடி தாங்குவதில் இதற்கு இணையாக இந்த விலைக்கு எதுவும் இல்லை. துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் போட்டால் சமாளிக்கலாம். இதில் பொறி எங்கே என்றால், ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) எடுக்கும் பழைய பட்டை. பல வருடம் வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் இருக்கலாம், உலையில் காய்ச்சித் தோய்க்கும்போது (எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கி இறுக்கும்போது) அது விரியும். என் இரண்டாவது கத்தி போனது அப்படித்தான். லாரிக்கு ஸ்பிரிங் கட்டும் பட்டறையில் புதுப்பட்டையின் வெட்டுத்துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கத்திக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டியிருக்காது. நான் 160 ரூபாய் கொடுத்தேன், பழைய பட்டையைவிட 100 ரூபாய்கூட அதிகமில்லை.

பிச்சாத்திக்கு பேரிங் எஃகு, அதாவது 52100, இங்கே இ.என். 31 என்று கிடைக்கும். கரிமம் ஒரு சதவீதம், குரோமியம் ஒன்றரை சதவீதம். மெல்லிசாகத் தேய்த்தாலும் வாய் உடையாமல் நிற்கும், வீட்டுக் கல்லிலேயே நன்றாகத் தீட்டலாம். குரோமியம் என்றதும் துருப்பிடிக்காது என்று நினைக்க வேண்டாம், ஒன்றரை சதவீதம் அதற்குப் போதாது. புளி பட்டால் கறுக்கும், உப்பு பட்டால் செம்மண் நிறத்தில் துருவேறும்.

டி2 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் எளிதாகச் சிக்குவது இதில்தான். அச்சுவார்ப்பு, டை வேலை செய்யும் பட்டறைகளில் எச்.சி.எச்.சி.ஆர். என்பார்கள். கரிமம் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். துருப்பிடிக்காத எஃகுக்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு, அதை வைத்துத்தான் விற்கிறவர்கள் துருப்பிடிக்காது என்கிறார்கள். ஆனால் இதில் கரிமம் மிக அதிகம், அது குரோமியத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக் கடினமான கார்பைடு துகள்களாக மாற்றிவிடுகிறது. துருவைத் தடுக்க மிச்சமிருக்கும் குரோமியம் போதாது. கடலுக்குத் தள்ளியிருக்கும் காய்ந்த ஊரில் தாக்குப் பிடிக்கும், தேங்காப்பட்டணத்துக் காற்றில் பிடிக்காது. கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் தீட்ட உட்கார்ந்தால் கை ஓய்ந்துவிடும், சிரட்டையில் ஓங்கிப் போட்டால் வாய் பொரியும் (சில்லு சில்லாக உடையும்). அட்டைப்பெட்டி அறுக்கிறவர்களுக்கு நல்ல எஃகு. மீனுக்கும் தேங்காய்க்கும் வேண்டாம்.

துருப்பிடிக்காத எஃகு வேண்டுமானால் 420 வகை மலிவு, மெத்து, அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் கரிம எஃகைவிட உப்பை நன்றாகத் தாங்கும். படகிலேயே கிடக்கும் கத்திக்கு இது போதும். 440சி-யில் கரிமம் ஒரு சதவீதம், குரோமியம் சுமார் 17, கூரும் நிற்கும். சுவீடனில் செய்யும் 14சி28என் சமையல் கத்திக்கு என் மனதுக்கு மிகப் பிடித்தது, நைட்ரஜன் சேர்த்த எஃகு, மெல்லிசான வாயும் வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, 2021-இல் வந்த மேக்னாகட் என்ற பொடி எஃகு (உலோகப் பொடியை அழுத்திச் செய்வது) இருக்கிறது. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் கத்திக்கென்றே வடிவமைத்தது, துருவையும் தாங்கும், அடியையும் தாங்கும். இறக்குமதி செலவைப் பார்த்தால் முதல் கத்திக்கு அது தேவையே இல்லை.

முக்கியமான எச்சரிக்கை: துருப்பிடிக்காத எஃகைச் சிரட்டைக்கரி உலையில் பதப்படுத்த முடியாது. ஆயிரம் டிகிரிக்கு மேலே, துல்லியமான சூட்டில் குறிப்பிட்ட நேரம் வைத்திருக்க வேண்டும், அதற்கு மின்சார உலை வேண்டும். "ஸ்டெயின்லெஸ்தானே, அடிச்சுத் தந்திரலாம்" என்று யாராவது சொன்னால் அங்கே முன்பணம் கொடுக்காதீர்கள். கோயம்புத்தூர், சென்னைப் பக்கம் வெப்பப் பதப்படுத்தும் பட்டறைகளுக்கு அனுப்ப வேண்டும், அல்லது பதப்படுத்தி முடித்த அலகை வாங்கிப் பிடியை மட்டும் இங்கே போட வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன்.

வீட்டில் நான்கு பேர் எடுத்துப் புழங்கி, கழுவுத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிற கத்தி என்றால் கரிம எஃகு (ஸ்பிரிங் பட்டை, இ.என். 31 போல துருப்பிடிப்பவை) வேண்டாம். நீங்கள் மட்டும் எடுக்கிற, எடுத்ததும் துடைக்கிற கத்தி என்றால் இ.என். 31-ஐ வாங்குங்கள், அந்தக் கூர் கைக்குப் பழகிவிட்டால் வேறு கத்தி பிடிக்காது.

3. பட்டறையில் என்ன கேட்பது

எஃகு நல்லதாக இருந்தும் கத்தி மோசமாகலாம், எல்லாம் தோய்ச்சலில் இருக்கிறது. அதனால் போனதும் விலை கேட்காதீர்கள். அவர் செய்து இரண்டு மூன்று வருடம் புழங்கிய கத்தி ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காய்ச்சி அடிக்க வந்த கத்திகள் எப்போதும் பட்டறையில் கிடக்கும், அவற்றின் வாயைப் பாருங்கள்.

பிறகு மூன்று கேள்விகள். எதில் தோய்ப்பீர்கள்? ஸ்பிரிங் பட்டை, இ.என். 31 இரண்டுக்கும் எண்ணெய்தான் நல்லது. வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்து அருமையாகச் செய்கிற பழைய கைகள் உண்டு, நான் மறுக்கவில்லை, ஆனால் மெல்லிசான பிச்சாத்தியைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். எந்தச் சூட்டில் எடுப்பீர்கள்? எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும், ஸ்பிரிங் பட்டைக்கு அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம், 830 டிகிரி வாக்கில் எடுத்துத் தோய்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்தே சொல்கிறவர்கள் பட்டறையைக் கொஞ்சம் இருட்டாக வைத்திருப்பார்கள், வெயிலில் உலை வைத்து நிறம் பார்க்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. மூன்றாவது, தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூடு கொடுப்பீர்களா? தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி, அப்படியே விட்டால் உடையும். 200 டிகிரி வாக்கில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை வைத்தால் நல்லது. உலையில் செய்கிறவர்கள் அலகை மினுக்கிவிட்டு வைக்கோல் மஞ்சள் நிறம் வரும்வரை காட்டுவார்கள். வீட்டில் கேக் செய்யும் ஓவன் இருந்தால் அதிலேயே வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்தேன்.

என் மூன்றாவது கத்தி போன கதை இங்கே வருகிறது. தோய்ச்சல் சரியாக இருந்தது, அதற்குப் பிறகு மின் சாணையில் அவசரமாகத் தேய்த்தார்கள், வாய் நீல நிறமானது. நான் பக்கத்தில் நின்று பார்த்தும் அழகாக இருக்கிறது என்றே நினைத்தேன். நீலம் வந்தால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். சாணை பிடிக்கும்போது நாலைந்து விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

4. காகிதமும் சட்டமும்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை, அரிவாள், கத்தி செய்கிற பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரி, செல்பேசி எண், எதற்காக வாங்குகிறார் என்பதைக் குறித்து வைக்க வேண்டும் என்றும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே விற்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஆதார் நகல் ஒன்றை எடுத்துப் போங்கள், அவர் கேட்காவிட்டாலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒரு பில் வாங்குங்கள். அச்சடித்த பில் இல்லையென்றால் தேதி, அளவு, "வீட்டு உபயோக வெட்டுக்கத்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு போதும், போன் எண்ணும் அதில் இருக்கட்டும்.

படைக்கலச் சட்டத்தின் கீழான விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அந்தப் பட்டியல் ஆயுதங்களுக்கு உரிமம் வேண்டும். நம் வெட்டுக்கத்தி 10 அங்குலம் இருந்தாலும் விவசாயக் கருவி, சரி. ஆனால் இருபுறமும் வாய் வைத்துக் குத்துவாள் வடிவில் ஒன்று செய்யச் சொன்னால் அதற்கு எந்த விளக்கமும் எடுபடாது, நல்ல ஆசாரி செய்யவும் மாட்டார்.

வாங்கிக்கொண்டு வரும்போது அட்டை வைத்துச் சாக்கில் சுற்றிக் கட்டி, பில்லோடு கொண்டு வாருங்கள். பைக் பக்கவாட்டில் செருகிக்கொண்டு மார்த்தாண்டம் சந்தி வழியே வர வேண்டாம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் உறவினருக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தால் சரக்கில் போடும் பெட்டிக்குள்தான், கைப்பைக்குள் கூடவே கூடாது.

5. பிடி

அலகுக்கு அலைகிற அலைச்சலில் பாதிகூடப் பிடிக்கு யாரும் அலைவதில்லை. கையில் கொப்புளம் போடுவது பிடிதான்.

பழைய முறையில் அலகின் வால் கம்பி மாதிரி குறுகி, மரத்துக்குள் இறங்கி, அலகுப்பக்கம் ஒரு பூண் (உலோக வளையம்) போட்டிருக்கும். பிச்சாத்திக்கு இது நன்றாகவே போதும், எடையும் குறையும். ஓங்கி வெட்டும் கத்திக்கு வால் பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் இருந்து, இருபக்கமும் மரத்துண்டு வைத்து மூன்று ரிவெட் அடிப்பது பலம். ரிவெட் மட்டும் அடித்தால் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஈரம் இறங்கி உள்ளேயே துரு தின்னும், எபாக்சி பசை தடவித்தான் மூட வேண்டும். 150 ரூபாய் டப்பா நான்கு கத்திக்கு வரும்.

மரம் காய்ந்திருக்க வேண்டும். ஆனியில் வெட்டிய பச்சை மரத்தில் போட்ட பிடி மாசியில் ஆடும். புளி, தேக்கு, மகாகனி எதுவும் சரி, ஒரு வருடமாவது நிழலில் கிடந்த துண்டாக இருக்கட்டும். பழைய கட்டில் கால், உடைந்த ஜன்னல் சட்டம் இவை பொன் மாதிரி. என் பிச்சாத்தியின் பிடி, ஆச்சி வீட்டு அரிசிப்பெட்டியின் பலாப்பலகை. மான்கொம்புப் பிடி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகி வந்துவிடுங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அந்த வியாபாரமே குற்றம். கொம்புதான் வேண்டுமென்றால் எருமைக் கொம்பு இருக்கிறது.

வழவழவென்று வார்னிஷ் அடிக்க விடாதீர்கள். மீன் கொழுப்பில் வழுக்கும். ஆளி எண்ணெய் மூன்று நாள் தடவிக் காயவிட்டால் போதும்.

6. எனக்கு ஆன செலவும் நாளும்

வெட்டுக்கத்தி: பட்டை 160, கூலி 850, பிடி மரம் வீட்டில் இருந்தது, ரிவெட்டும் பசையும் 200. மொத்தம் 1,210 ரூபாய், ஒன்பது நாள். இ.என். 31 பிச்சாத்தி: தட்டையான இரும்பு பக்கத்தில் கிடைக்காமல் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்தேன், பார்சலோடு 480, கூலி 1,400, ஏனென்றால் மெல்லிசாக இழைப்பதற்கு நேரம் பிடிக்கும். அது மூன்று வாரம். துருப்பிடிக்காத அலகு பதப்படுத்தியே வாங்கியது 2,300, பிடிக்கூலி 400. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், அளவுக் காகிதத்தில் ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

ஆயுதபூசையை ஒட்டிய நாட்களில் பட்டறைகளில் உலை மூட்ட மாட்டார்கள், கருவிகள் பூசையில் இருக்கும். அந்த வாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அடைமழைக் காலத்தில் கரி நனைந்து வேலை இழுக்கும். நான் பார்த்தவரை சனவரி கடைசி முதல் ஏப்ரல் வரை நல்ல சமயம், மரமும் காய்ந்திருக்கும்.

7. வாங்குவதற்கு முன் அங்கேயே பார்க்க வேண்டியவை

முதுகை மேலே வைத்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், வளைவு இருந்தால் தெரியும். பிடி போடுவதற்கு முன்னால் அலகை நூலில் தொங்கவிட்டுச் சுண்டுங்கள். நல்ல அலகு மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், கீறல் இருந்தால் சத்தம் செத்து விழும். இதற்காகவே பிடி போடும் நாளுக்கு முதல் நாள் ஒருமுறை போய் வாருங்கள். அரத்தை வாயில் மெதுவாக வைத்து இழுத்தால் பிச்சாத்தியில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், வெட்டுக்கத்தியில் கொஞ்சம் கடிக்கலாம், தவறில்லை, அடி தாங்க அது கொஞ்சம் மெத்தாகத்தான் இருக்க வேண்டும். நிறைய கடித்தால் தோய்ச்சல் போதவில்லை.

அப்புறம் வெட்டிப் பார்ப்பது. காய்ந்த மூங்கில் ஒன்றில் இருபது வெட்டு வெட்டிவிட்டு வாயை வெளிச்சத்தில் பிடியுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. எங்காவது மினுக்கினால் அங்கே மடங்கியிருக்கிறது அல்லது பொரிந்திருக்கிறது. மடங்கினால் பதம் குறைவு, பொரிந்தால் பதம் அதிகம், பொரிந்ததற்கு இன்னொரு தடவை இளஞ்சூடு கொடுத்தால் சரியாகிவிடும். ஆசாரி அண்ணன் என் முன்னாலேயே இப்படிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி உலையில் காட்டி மறுநாள் தந்தார்.

8. முதல் மாதம்

கரிம எஃகு என்றால் மீனுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, அடுப்புப் பக்கம் ஒரு நிமிடம் காட்டி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அலகு சாம்பல் நீலமாக மாறும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அந்தப் படலம் செந்துருவைத் தள்ளிப்போடும். சிவப்பாக வருவதைத்தான் உடனே எடுக்க வேண்டும், கொஞ்சம் சாம்பலும் எண்ணெயும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். சக்கை (பலாப்பழம்) வெட்டுவதற்கு முன்னால் அலகில் எண்ணெய் பூசுவது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், வெட்டி முடித்த பிறகும் பாலை உடனே எண்ணெய்த் துணியால் துடையுங்கள், காய்ந்தால் சுரண்ட வேண்டிவரும், சுரண்டினால் வாய் போகும்.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கடற்கரையில் ஒரு மழைக்காலம் போதும், அலகு அரித்துவிடும். உறை வெளியே போகும்போது மட்டும். வீட்டில் சுவரில் ஆணி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில்.

தீட்டுவதற்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று சொரசொரப்பு எண் உள்ள கல் ஒன்று வாங்குங்கள். பிச்சாத்தியை ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரி, வெட்டுக்கத்தியை 25 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து ரிவெட் ஆடுகிறதா, மரம் சுருங்கி இரும்பு விளிம்பு கையில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் கத்தியை அட்டையில் சுற்றி, பில்லை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போங்கள். அரத்தில் நாலு இழுப்பு இழுத்துத் தருவார்கள், என்னிடம் அதற்குக் காசு வாங்கவில்லை.